எங்கள் லைனுக்கு 'ஹெட்வே' வந்த கதை

1. திறக்காத மைசூர்பாகு டப்பா

அன்றைக்கு மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தோம். ஹாலந்து கஸ்டமரிடமிருந்து ரிப்போர்ட் வருகிற நாள். எங்கள் லைனில் அதுவரை வராத அளவு புரொடக்‌ஷன் அந்த மாதம் வந்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் நானே கலர் சாக்பீஸில் அதை எழுதி, ஓரத்தில் இரண்டு பூ வேறு வரைந்திருந்தேன். பாராட்டு வரட்டும், டப்பாவைத் திறக்கலாம் என்று கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்திருந்தோம்.

பிளாண்ட் ஹெட் முரளிதர் சார் உள்ளே வந்தார். உட்காரவில்லை. கையிலிருந்த தாளைப் படித்தார்.

"மச் ஆக்டிவிட்டி. நோ ஹெட்வே."

வேலை நிறைய நடக்கிறது, ஹெட்வே மட்டும் இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே நேராகக் கையெழுத்து.

"ஏம்மா கோமதி, போன மாசத்தவிட எவ்ளோ ஜாஸ்தி அனுப்பியிருக்கோம்! அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், ஹாலந்தில் உட்கார்ந்து அதை எழுதியது நான்தான் என்பதுபோல.

இடி இரண்டாவது பக்கத்தில் இருந்தது. அடுத்த ஆடிட்டிலும் இதே நிலை என்றால், இந்த லைனை எங்கள் கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்த யூனிட் கர்நாடகா பக்கம். பார்டரைத் தாண்டினால் வந்துவிடும், ஆபீஸ்காரர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் என் லைனில் பாதிப் பெண்கள் கெலமங்கலம், தளி, ஜவளகிரிப் பக்கம். அவர்களை ஓசூர் வரை அனுப்புவதற்கே வீட்டில் என்னென்ன பஞ்சாயத்து நடந்தது என்று எனக்குத் தெரியும். இன்னொரு பஸ் மாறிப் போகணும் என்று சொன்னால், "வேலையும் வேணா ஒண்ணும் வேணா, ரோஜாத் தோட்டத்துக்குப் போ" என்று சொல்லிவிடுவார்கள். போதாததற்கு அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். அந்தப் பக்கம் அவர்களுக்கு இடம் உண்டு என்று ரிப்போர்ட்டிலும் இல்லை, சார் வாயிலும் வரவில்லை.

மைசூர்பாகு டப்பாவை அப்படியே தூக்கி பீரோவில் வைத்தேன்.

2. நாங்கள் செய்த வேலை

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்களுடையது ஒயரிங் ஹார்னஸ் கம்பெனி. ஒரு வண்டிக்குள் ஓடுகிற ஒயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஹாலந்துக்காரர்களுக்கு நாங்கள் செய்தது அறுவடை மிஷினுக்கான ஹார்னஸ். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். சாய்த்து நிறுத்திய பலகையில் ஹார்னஸின் படத்தை அதே அளவில் வரைந்து, வழிநெடுக ஆணி அடித்திருப்போம். அதற்கு 'போர்டு' என்று பெயர். ஆணிகளுக்கு நடுவே ஒயரை ஓட்ட வேண்டும், ஒயர் முனையிலுள்ள டெர்மினலை கனெக்டரில் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும், டேப் சுற்ற வேண்டும், கிளிப் போட வேண்டும். கடைசியில் டெஸ்ட் போர்டில் மாட்டினால் பச்சை விளக்கு எரியணும்.

எரிந்தது. எல்லா ஹார்னஸுக்கும் பச்சை எரிந்தது. அப்படியிருந்தும் அங்கே வயலில் மிஷின் ஓடும்போது டெர்மினல் கழன்று மிஷின் நின்றுவிடுகிறது என்று புகார். மாதாமாதம் அதே புகார். நாங்கள் போர்டுகளைக் கூட்டினோம், ஆளைக் கூட்டினோம், போட்டி வைத்து டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தோம். போர்டு கவுண்ட், அதாவது முடித்த ஹார்னஸின் எண்ணிக்கை, ஏறியது, புகாரும் கூடவே ஏறியது.

இரண்டு ஷிப்ட். காலை ஷிப்டுக்கு நான் சூப்பர்வைசர். மதியம் ஆரம்பிக்கும் ஷிப்டுக்கு நாகரத்னா. அவள் கெலமங்கலத்துக்காரி, வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, லைனில் தமிழ். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று பேசுவதால் பிள்ளைகள் எனக்கு 'அங்கிட்டக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைக்கட்டும், வேலை நடந்தால் சரி.

கம்பெனி பஸ் ஒன்றே ஒன்று. மதிய ஷிப்டை இறக்கிவிட்டு அதே பஸ் காலை ஷிப்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும். கோவிந்து அண்ணன் என்று டிரைவர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஹார்னில் கையை வைத்து எடுக்கமாட்டார், ஏனென்றால் அடுத்து இன்னொரு கம்பெனி ட்ரிப் அவருக்கு இருந்தது. அதனால் இந்த இரண்டு ஷிப்ட் பெண்களும் ஒரே போர்டில் வருஷக்கணக்காக வேலை செய்தும், ஒருத்தியை ஒருத்தி பார்த்தது பஸ் படிக்கட்டில் மட்டும்தான். ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற, "தள்ளு தள்ளு" என்பதுதான் அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சு.

3. ஹாலந்துக்காரரும் கேன்டீன் தட்டும்

ஒவ்வொரு ஷிப்டும் ஆரம்பிக்கும்போது நடக்கிற மீட்டிங்கில் தினமும் ஒருவர் ஒரு ஆங்கிலத் தொடரைச் சொல்லி, அர்த்தமும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எக்ஸ்போர்ட் வேலை வந்தபிறகு முரளிதர் சார் ஆரம்பித்தது. முதல் வரிசையில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள், பின்வரிசையில் ஜடை பின்னுவார்கள். ரிப்போர்ட் வந்த வாரம் என் முறை. "நீ 'மேக்கிங் ஹெட்வே' சொல்லும்மா. எல்லாருக்கும் ஒறைக்கட்டும்" என்றார் சார்.

டிரெயினிங் ரூம் அகராதியில் 'முன்னேற்றம்' என்று இருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முன்னேறவில்லை என்றுதானே திட்டுகிறார்கள், அது தெரிந்த சங்கதி. எந்த இடத்தில் முன்னேறவில்லை என்று சொன்னால்தானே திருத்த முடியும்?

நல்லவேளை, அந்த வாரமே ரிப்போர்ட் எழுதிய ஆள் நேரில் வந்தார். யான் என்று பெயர். நெட்டையான இளவட்டம், முப்பது வயதுகூட இருக்காது. மிளகாய் பஜ்ஜியை ஆசையாகத் தின்றுவிட்டு அழுவார். கேன்டீனில் அவர் எதிரே போய் நின்றேன். முரளிதர் சார் பின்னாலிருந்து "வேணாம்மா" என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காதமாதிரி இருந்துகொண்டேன்.

"சார், வாட் இஸ் ஹெட்வே? எக்ஸாக்ட்லி?"

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். மாறாக முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை இழுத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு தீப்பெட்டியை நடுவில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

அது கப்பல்காரர்களின் சொல். கப்பல் நகர்வதை அவர்கள் 'வே' என்பார்கள். முன்பக்கமாக, 'அஹெட்' ஆக நகர்ந்தால் அது ஹெட்வே. காற்று தள்ளிப் பக்கவாட்டில் ஒதுங்கினால் 'லீ-வே', நாம் போடுகிற லீவு இல்லை. இன்றைக்கு மேனேஜரிடம் "கொஞ்சம் லீ-வே குடுங்க சார்" என்று சலுகை கேட்கிறோமே, அதுவும் இதற்கு உடன்பிறந்த சொல்தான்.

யானின் அப்பா ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவராம். சின்ன வயதில் படகின் முன்நுனியில் படுத்துக்கொண்டு யான் தண்ணீரைப் பார்ப்பாராம். நுரை அடித்துக்கொண்டு தண்ணீர் பின்னால் ஓடும். "அப்பா, எவ்வளவு வேகமாப் போறோம்!" என்று கத்துவாராம். அப்பா அவர் தலையைப் பிடித்துக் கரைப் பக்கம் திருப்புவாராம். கரையில் சர்ச் கோபுரம் ஒன்று. கொஞ்ச நேரம் முன்னால் எங்கே தெரிந்ததோ அங்கேயே இருக்கும். எதிர்த்து வருகிற வெள்ளம் படகின் வேகத்துக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும். இன்ஜின் ஓடுகிறது, டீசல் எரிகிறது, ஆனால் படகு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"டோன்ட் லுக் அட் த வாட்டர். லுக் அட் த டவர்" என்றார் யான். தண்ணீரைப் பார்க்காதே, கோபுரத்தைப் பார் என்று சொல்லிவிட்டுத் தட்டைச் சாய்த்தார். தீப்பெட்டி பின்னால் வழுக்கிக்கொண்டு போனது.

எனக்கு அந்த நொடியில் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் நினைவுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்திருப்போம். பக்கத்து பஸ் பின்னால் எடுக்கும். நம் பஸ் கிளம்பிவிட்டது என்று மனசு குளிரும். நிமிர்ந்து மலைக்கோயிலைப் பார்த்தால் அது அசையாமல் அங்கேயே இருக்கும். அடச்சே என்று ஆகிவிடும்.

மறுநாள் காலை மீட்டிங்கில் பஸ் ஸ்டாண்டையும் மலைக்கோயிலையும் வைத்தே சொன்னேன். முதல்முறையாகப் பின்வரிசையில் யாரும் ஜடை பின்னவில்லை. நாகரசம்பட்டி செல்வி, என் ஷிப்டில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவள், கையைத் தூக்கினாள்.

"அக்கா, இதுக்கு எதுக்கு அம்மாந்தூரம் ஹாலந்துக்குப் போவணும்? சாண் ஏறுனா முழம் சறுக்குதுன்னு எங்கூர்ல சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அன்றைக்கு முழுவதும் அவள் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறுவதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். சறுக்குவது எந்த இடத்தில்?

4. சிவப்பு ஒயர்

போர்டு கவுண்டைப் பார்ப்பது தண்ணீரைப் பார்ப்பது. அதைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அசையாத ஒரு அடையாளம் வேண்டும். மதியம் ஷிப்ட் முடியும்போது செல்வியின் போர்டில் ஒரு ஹார்னஸ் பாதி முடிந்து கிடந்தது. இவ்வளவு பெரிய ஹார்னஸ் ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சரியாக முடியாது, எப்போதும் ஒவ்வொரு போர்டிலும் ஒன்று பாதியில் நிற்கும். செல்வி முடித்திருந்த கடைசி ஆணியில் ஒரு துண்டு சிவப்பு ஒயரைக் கட்டினேன். இதுதான் என் கோபுரம். பஸ்ஸில் ஏறாமல் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நாகரத்னா வந்ததும் என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னா கோமதியம்மா, வீட்டுக்குப் போவலையா? எங்கள வேவு பாக்க வந்தீங்களா?"

"ஆமா. வேவுதான்" என்றேன்.

செல்வியின் போர்டுக்கு மஞ்சுளா வந்தாள். ஜவளகிரிப் பெண். ஒடிசலாக இருப்பாள், கை மட்டும் மிஷின்போல ஓடும். போர்டுக்கு ஒரு கும்பிடு போட்டாள். சிவப்பு ஒயரை ஏதோ குப்பை என்று கழற்றிக் கீழே போட்டாள். பிறகு செல்வி சுற்றிய டேப்பை எல்லாம் நகத்தால் கிளறி உரித்தாள். கனெக்டரிலிருந்து டெர்மினல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மறுபடி முதல் ஆணியிலிருந்து ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். எல்லா போர்டிலும் அதேதான். சரசரவென்று டேப் உரியும் சத்தம். என் பிள்ளைகள் காலையெல்லாம் கட்டியது மழையில் கரைகிற சுண்ணாம்பாகக் கரைந்துகொண்டிருந்தது.

சறுக்குகிற இடம் இதுதான். டெர்மினலில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், கனெக்டருக்குள் போய்ப் பிடித்துக்கொள்வது அதுதான். ஒருதடவை தள்ளினால் ஜென்மத்துக்கும் நிற்கும். பிடுங்கித் திரும்பத் தள்ளினால் நாக்கு தளர்ந்துவிடும். டெஸ்ட் போர்டில் பச்சை எரியும். வயலில் மிஷின் குலுங்கும்போது கழன்றுவிடும்.

"ஏ புள்ள! என்ன செய்யுத நீ?" என்று லைனே திரும்பும்படி கத்திவிட்டேன்.

மஞ்சுளா பயப்படவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க இன்னா பண்றதுக்கா? போன வருஷம் இதே போர்டுல உங்க ஷிப்ட் ஆளு ஒரு கிளிப் போடாம வுட்டுட்டாங்க. அது எனக்குத் தெரியல. நம்பி மேல கட்டிட்டேன். மெமோ யாருக்கு வந்திச்சு? எனக்கு! கடைசில கை வெச்சவ நானாம். எங்கப்பாவ ஆபீஸ்க்கு வரச்சொல்லி அவர் எதிர்லயே கேட்டாங்க. பேடக்கா, வேணாம், எனக்கு மத்தவங்க கட்டுனது பேடவே பேடா. நான் கட்டுனதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

நாகரத்னா என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "அந்தப் புள்ள அன்னிக்கு மூணு நாளு சோறு துன்னல. அன்னிலருந்து எங்க ஷிப்ட்ல யாரும் உங்க கட்ட நம்பறதில்ல. நாந்தான் பிரிக்கச் சொன்னேன். இன்னா பண்ணுவீங்க?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. காலையில் வந்ததும் என் பிள்ளைகள், "அந்த ஷிப்ட் கட்டுனது லூசா இருக்குக்கா, சரி பண்ணிட்டு ஆரம்பிக்கோம்" என்பார்கள். நான் அதைப் பொறுப்பு என்று மெச்சிக்கொண்டிருந்தேன். நாங்கள் பிரித்தால் திருத்தம், அவர்கள் பிரித்தால் அக்கிரமம். செக்குமாடாவது ஒரே பக்கமாகச் சுற்றும். நாங்கள் ஒரு சுற்று அங்கிட்டு, ஒரு சுற்று இங்கிட்டு.

5. பஸ்ஸை மறித்த மதியம்

மறுநாள் முரளிதர் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் வார்னிங் குடுத்துடவா?" என்றார்.

"அந்த வார்னிங்லதான் சார் இது ஆரம்பிச்சதே. எனக்கு அது வேண்டாம். ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் ரெண்டு ஷிப்டும் ஒண்ணா நிக்கணும். அது போதும்."

"பஸ் நிக்காதேம்மா. அவனுக்கு வேற ட்ரிப் இருக்கு. டிரான்ஸ்போர்ட்காரன் ஒத்துக்கமாட்டான்."

கடிதம் போடலாம், பேசிப்பார்க்கலாம் என்றார். அதற்குள் ஆடிட் வந்துவிடும், லைன் பார்டர் தாண்டிவிடும், மஞ்சுளா ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பொய் சொல்லமாட்டார்கள்.

அன்று மதியம் பஸ் வந்து மதிய ஷிப்ட் இறங்கியதும், நேரே போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். கோவிந்து அண்ணன் ஹார்ன் அடித்தார். நான் அசையவில்லை. மறுபடி அடித்தார். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"எம்மா, ஏம்மா என் பொழப்பக் கெடுக்கற? தள்ளும்மா, டைம் ஆவுது!"

"அண்ணே, பத்து நிமிஷம். நீங்க எடுத்தா என் மேல ஏத்தித்தான் எடுக்கணும். ஏத்துங்க."

"ஏய், இது இன்னாடா வம்பு!" என்று அவர் இன்ஜினையே அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். என் ஷிப்ட் பெண்கள் படிக்கட்டில் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்தார்கள். "எறங்குங்கடி எல்லாரும்! அவங்கவங்க போர்டுக்குப் போங்க!" என்று கத்தினேன்.

முரளிதர் சார் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வாட்ச்மேன் மேலே பார்த்து, "சார், இன்னா பண்றது?" என்று கேட்டார். சார் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஜன்னல் சாத்தியதற்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

போர்டுக்கு இந்தப் பக்கம் செல்வி, அந்தப் பக்கம் மஞ்சுளா. ஒரே போர்டு, ஒரே நாற்காலி. மஞ்சுளாவின் மெமோவுக்குக் காரணமான கிளிப் யாருடையது என்று செல்விக்கு அதுவரை தெரியாது. போன வருஷமும் காலையில் அந்த போர்டு அவளுடையதுதான் என்று நான்தான் சொன்னேன். செல்வி சட்டென்று மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் வுட்ட கிளிப்பா? ஐயோ, எனக்கு யாருமே சொல்லல மஞ்சு. தெரிஞ்சிருந்தா நானே போயி ஆபீஸ்ல சொல்லியிருப்பேன். சத்தியமா."

மஞ்சுளா கையை உதறிவிடவில்லை. போர்டைக் காட்டி, "எதுவரைக்கும் முட்ச்சிருக்க, காட்டு" என்றாள்.

அங்கேயே முறை வகுத்தோம். போகிறவள், தான் முடித்த கடைசி ஆணியில் நீல டேப் ஒன்று ஒட்டி, "இதுவரைக்கும் என்னுது" என்று சொல்லவேண்டும். வருகிறவள் ஒவ்வொரு கனெக்டரையும் ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும், கிளிப்பை எல்லாம் தொட்டு எண்ணவேண்டும், "இங்கருந்து என்னுது" என்று சொல்லவேண்டும். பிரிக்கக்கூடாது. நாகரத்னா இதைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னாள், அவள் சொன்னபோதுதான் அது சட்டம்போல் இருந்தது. தவறு இருந்தால் இருவரும் சேர்ந்து அங்கேயே சரிசெய்வது. மெமோ கிடையாது. இதை முரளிதர் சாரே மறுநாள் இரண்டு ஷிப்ட் மீட்டிங்கிலும் சொன்னார், பஸ் பத்து நிமிஷம் நிற்கும் என்பதையும் சேர்த்து. டிரான்ஸ்போர்ட்காரரை எப்படிச் சரிக்கட்டினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. முதல் இரண்டு வாரம் போர்டு கவுண்ட் இறங்கியது. இழுத்துப் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் நேரம் போனது. அக்கவுண்ட்ஸ்காரர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், இந்த வாரம் பூ இல்லையா?" என்று கிண்டலடித்தார். நான் கண்ணைக் கரையிலேயே வைத்திருந்தேன். எங்கள் கரை கேட் பலகையில் இல்லை. எங்கோ ஒரு வயலில் நிற்காமல் ஓடுகிற மிஷின்தான் எங்கள் கரை.

6. ஆடிட்

சில மாதம் கழித்து யான் ஆடிட்டுக்கு வந்தது மதியம் ஷிப்ட் மாறும் நேரம். நான் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். சார் வேர்த்து வெள்ளைச் சட்டை நனைய நின்றார்.

யான் லைனுக்குள் வந்தபோது ஒவ்வொரு போர்டிலும் இரண்டிரண்டு பெண்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று சந்தைபோல் பேச்சு. அவர் நேராக மஞ்சுளா போர்டுக்குப் போனார். ஒரு கனெக்டரைப் பிடித்து டெர்மினலை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். போர்டே ஆடியது, டெர்மினல் வரவில்லை. பக்கத்து போர்டுக்குப் போனார். அங்கேயும் அதேதான். என் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் விரலையே பார்த்தார்கள்.

நீல டேப்பைச் சுட்டி, "ஹூ மேட் திஸ்?" என்றார். யார் செய்தது?

மஞ்சுளாவிடம் இதே கேள்வியைத்தான் அன்றைக்கு ஆபீஸில் அவள் அப்பா எதிரே கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மஞ்சுளா ஒரு விரலை டேப்பில் வைத்தாள்.

"அப் டு திஸ், செல்வி. ஆஃப்டர் திஸ், மீ. டுகெதர் கியாரண்டி!"

அவள் ஷிப்ட் மீட்டிங்கில் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த ஆங்கிலம். நாகரத்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தானே ஆடிட் பாஸ் பண்ணியதுபோல நின்றாள்.

யான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்து நிமிஷம் நிற்க ஆரம்பித்தபிறகு அனுப்பிய ஹார்னஸ்கள் மிஷின்களில் ஏறி வயலுக்குப் போய்விட்டன. அவற்றில் ஒன்றிலும் டெர்மினல் கழலவில்லை. ஒன்றே ஒன்றுகூட. லைன் இங்கேதான் இருக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கோமதி. தி டவர் இஸ் பிஹைண்ட் அஸ் நவ்."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கோபுரம் பின்னால் போய்விட்டதாம். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "மேக்கிங் ஹெட்வேடி! படகு நகந்துருச்சு!" என்று கத்தினேன். அப்போது எழுந்த கூச்சல் டெஸ்ட் போர்டு பஸரையே அமுக்கிவிட்டது. செல்வியும் மஞ்சுளாவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். முரளிதர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வந்த மைசூர்பாகு புதுசு. ஹாலந்துக்காரர் நாலு துண்டு தின்றார், இந்தமுறை அழவில்லை.

7. நான் தெரிந்துகொண்டது

'மேக்கிங் ஹெட்வே' என்றால் முன்னேறுவது என்று எந்த அகராதியும் சொல்லும். அந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போனால்தான் அதற்குள் இருக்கிற கேள்வி தெரியும். எதை வைத்து முன்னேற்றம் என்கிறாய்? உன்னோடு சேர்ந்து ஓடுகிற தண்ணீரை வைத்தா, அசையாத கரையை வைத்தா? உங்கள் ஆபீஸில் யாராவது வேலை ஜரூராக நடக்கிறது என்று சொன்னால், உடனே பூ வரையாதீர்கள். ஒரு சிவப்பு ஒயரை எடுத்துக் கட்டுங்கள். சாயங்காலம் அது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எதிர்வெள்ளம் பெரும்பாலும் வெளியிலிருந்து வராது. யாரோ ஒருத்திக்கு நடந்த அநியாயம், கேட்க ஆளில்லாமல், நம் லைனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சில வருஷம் கழித்துப் புதிதாக ஒரு எச்.ஆர். பெண் வந்தாள். படித்த பிள்ளை, சுறுசுறுப்பு. பஸ் தினமும் பத்து நிமிஷம் சும்மா நிற்பதைப் பார்த்து, அது வேஸ்ட் என்று முடிவுசெய்தாள். ஒருநாள் மதியம் அவளே வந்து, பஸ் படிக்கட்டில் நின்று, "உடனே எடுங்க டிரைவர்" என்றாள். நான் லைனுக்குள் இருந்தேன், விஷயம் தெரியாது. வாட்ச்மேன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

கோவிந்து அண்ணன் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.

"மேடம், உள்ள புள்ளைங்க கை மாத்திக்கினு இருக்குது. அது முடியாம வண்டி நகராது. நகந்தாலும் முன்னால போவாது."